மூலையறை யன்னல்

எல்லாம் அந்தக் கண் ஒப்பரேசனால் வந்த வினை. லண்டனில் மகன் சசிகரனோடு இருக்கும் அரியநாயகத்தாருக்கு, எண்பத்தெட்டு வயதில், இரண்டு கண்ணிலும் படர்ந்திருந்த வெள்ளையை எடுத்துவிட்டார்கள். அதுவரை மனிதருக்கு உலகம் முழுக்கப் புகைமூட்டம். வீடியோவில் மகளின் முகத்தைக் காட்டினாலும் குரலை வைத்துத்தான் ஆளைப் பிடிப்பார். கட்டு அவிழ்த்த மறுநாளே யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம் நாரந்தனைக்கு அழைப்பு எடுத்தார். மகள் சிவரூபியை உற்றுப் பார்த்து, "மெலிஞ்சு போனாய் பிள்ளை" என்றார். அடுத்த பேச்சு, "எங்கட வீட்டை ஒருக்கால் காட்டு."

பிறகு காட்டுறன் என்று சொல்லிச் சிவரூபி அழைப்பை வைத்தாள். வீடு இருந்தால்தானே காட்டுவதற்கு.

சுவர் இருந்தது. அரியநாயகத்தார் மாத்தறையில் கடை வைத்து உழைத்த காசெல்லாம் கொட்டிக் கட்டிய முருகைக்கல்லுச் சுவர், அவ்வளவு லேசில் விழாது. கூரைதான் இல்லை. ஷெல் உடைத்தது போக மிச்சம் இருந்த ஓடுகளையும் தீராந்தி மரங்களையும் ஆட்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வளவின் பின்பக்கம், வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இரண்டறை வீட்டில் சிவரூபியும் மகள் கம்சிகாவும் இருக்கிறார்கள். புருசன் கட்டாரில். குடிக்கிற தண்ணீருக்குப் பவுசர் லொறியைப் பார்த்துக்கொண்டும், மற்றதுக்கெல்லாம் உப்புக் கிணற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டும் நாள் போகிறது. தகப்பனிடம் மட்டும் வீடு அப்படியே இருக்கிறது, போன வருடந்தான் வெள்ளையடித்தோம் என்று சொல்லிவந்தாள்.

ஒரு கூரைக்காக இவ்வளவு பொய்யா என்றால், கதை கூரையோடு நிற்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்கிப் பாதை அடைபட்டபோது அரியநாயகத்தார் தெற்கில் மாட்டிக்கொண்டார். அங்கிருந்து வந்த ஓர் ஆளிடம் பெண்சாதி நல்லம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்: வீட்டை விட்டு ஓரிடமும் போகவேண்டாம், ஷெல் அடித்தால் மூலையறைக்குள் இருங்கள், அதன் சுவர்தான் தடிப்பு. நல்லம்மா சொன்னது கேட்கிற மனுசி. ஷெல் அடித்தது, மூலையறைக்குள் போனாள். ஷெல் அந்த அறையின் கூரையைப் பிரித்துக்கொண்டு உள்ளே விழுந்தது.

பிள்ளைகள் தப்பியது தற்செயல். சசிகரன் பட்டணத்தில் படித்துக்கொண்டிருந்தான். பத்து வயது சிவரூபி முன்வீட்டுப் பிள்ளைகளோடு, அவர்கள் பங்கர்க் குழிக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். மறுநாளே சனம் தீவை விட்டு ஓடியது. செத்தவர் கிடந்த இடத்தில் முப்பத்தோராம் நாள் முடியுமட்டும் இரவு பகல் அணையாமல் விளக்கு எரியவேண்டும்; நல்லம்மாவுக்கு அது ஒருநாள்கூட எரியவில்லை. தகப்பனுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல், மாமன் கனகசபை ஒரு பொய்யைக் கட்டினார்: நெருப்புக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் நித்திரையிலேயே போய்விட்டா. கனகசபை பிறகு செத்துப்போனார். பொய்யை வளர்க்கிற வேலை பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வந்தது. "நான் கட்டின வீடு ஒருத்தரையும் காவு குடுக்கேல்லை" என்று தகப்பன் பெருமையாகச் சொல்கிறபோதெல்லாம் சிவரூபி ஓம் போடுவாள். கூரை போனது தெரிந்தால் அடுத்த கேள்வி எங்கே வந்து நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். சாகிற வயதில் அந்த மனுசன் அதைத் தெரிந்துகொண்டு சாகக்கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வழி சொன்னது கம்சிகா. உயர்தரத்தில் சித்திரம் படிக்கிற பிள்ளை. "படம் கீறி அனுப்புவம் அம்மா. போட்டோதானே பொய் சொல்லாது."

"நீயே கீறன்."

"கூரையோட நான் எங்க கண்டனான்? நீங்கள்தான் கீறவேணும். நான் சொல்லித்தாறன்."

மகள் வாத்தியார், தாய் மாணவி. வாத்தியார் பொல்லாத வாத்தியார். முதலில் ஒரு நீளத் தாளில் பெட்டி பெட்டியாக அடித்து, வெள்ளையிலிருந்து கறுப்பு வரைக்கும் படிப்படியாக நிரப்பச் சொன்னாள். சிவரூபிக்கு இரண்டு படிதான் வந்தது, வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று. நடுவில் எல்லாம் ஒரே சாம்பல். "இப்பிடிக் கீறினால் வீடு அட்டையில வெட்டி ஒட்டினமாதிரி இருக்கும்" என்று கம்சிகா கிழித்துப் போட்டாள். எச் பென்சில் மெல்லியது, பீ பென்சில் கறுப்பு, ஆறு பீ எல்லாவற்றிலும் கறுப்பு. வெளிச்சத்தைக் கீற ஏலாது, தாளை விட்டுவைத்தால் அதுதான் வெளிச்சம். பக்கத்தில் இருட்டு இருந்தால்தான் அதுவும் தெரியும். கையால் தேய்க்கக்கூடாது. பென்சிலை அமத்தக்கூடாது.

"அமத்தினால் என்ன?"

"மினுங்கும். பென்சில் கரி கண்ணாடி மாதிரி வரும். கறுப்பு வேணுமெண்டால் மெல்ல மெல்ல, மேல மேல போடவேணும்."

பள்ளிக்கூட விடுமுறை. மாமரத்தின் கீழ் கதிரை போட்டு, பழைய வீட்டைப் பார்த்தபடி இருவரும் இருந்தார்கள். சமையல் முடிந்து அவள் கை ஓய்கிறது மத்தியானத்தில்தான். அதனால் படத்திலும் உச்சி வெயில்தான் எரிந்தது, மரத்தின் நிழல் மரத்தின் காலடியிலேயே கிடந்தது.

"கண்ணைப் பாதி மூடிப் பாருங்கோ" என்றாள் கம்சிகா. "அப்பதான் எது வெளிச்சம், எது இருட்டெண்டு பிரியும்."

மூடிப் பார்த்தாள். சுவரின் வெடிப்பு, பாசி, சுவரில் முளைத்த ஆலங்கன்று எல்லாம் ஒன்றாகக் கரைந்தன. யன்னல்கள் மட்டும் பளிச்சென்று நின்றன. கண்டபடியே கீறினாள்.

கம்சிகா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. "அம்மா, யன்னலெல்லாம் வெள்ளையா விட்டிருக்கிறியள். கூரை உள்ள வீட்டுக்கு யன்னல்தான் கடும் இருட்டு. கூரை இல்லாட்டித்தான் உள்ளுக்கு வானம் தெரியும்."

நாரந்தனையிலிருந்து மண்கும்பான் வரைக்கும் பஸ்ஸில் போனால் அப்படி எத்தனை வீடு. யன்னலுக்குள் வானத்தை வைத்துக்கொண்டு நிற்கின்றன. இவ்வளவு காலம் கண்டும் அதை இப்படி யோசித்ததில்லை. ஆள் இருக்கிற வீடுதான் உள்ளுக்கு இருட்டாக இருக்கும்.

புதுத் தாளில் மறுபடி தொடங்கினாள். கூரை ஞாபகத்திலிருந்து வந்தது. நடு அறை யன்னலை இருட்டாக்கினாள், வந்தது. படுக்கையறை யன்னலை இருட்டாக்கினாள், வந்தது. மூலையறை யன்னல்தான் வரமாட்டேனென்றது.

அந்த யன்னலில்தான் அம்மாவைக் கடைசியாகக் கண்டாள். கம்பிக்குப் பின்னால் பாதி முகம், வெளியே நீட்டிய ஒரு கை. "ரூபி, உள்ளுக்கு வா" என்று கூப்பிட்டாள். அப்போது அடுத்த ஷெல் எங்கோ விழுந்த சத்தம் கேட்டு முன்வீட்டு அக்கா இவளைப் பங்கருக்குள் இழுத்துப் போட்டாள். அம்மா தன்னைத் தேடிக்கொண்டே செத்தாளோ, கூப்பிட்டும் பிள்ளை வரவில்லையென்று நினைத்துச் செத்தாளோ என்பது இன்றுவரை அவளைத் தின்கிறது. திரும்பி வந்து இத்தனை வருடம் அந்த வளவிலேயே இருந்தும், அந்த அறைக்குள் அவள் காலடி வைத்ததில்லை. ஆடு உள்ளே போனால் கல்லெறிந்து கலைப்பாளே தவிர, உள்ளே போகமாட்டாள். கிணற்றடியில் தலைக்கு வார்க்கும்போது தண்ணீர்ச் சத்தத்துக்குள் சில நாள் "ரூபி" என்று கேட்கும். அதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

யன்னல் வெள்ளையாக இருந்தவரையில் அது வெறும் ஓட்டை. கரி போடப் போட உள்ளே இடம் உண்டானது. இடம் உண்டானால் அங்கே ஆள் நிற்கலாம். மூன்றாவது தடவை கரி போட்டுக் கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாள். கம்பிக்குப் பின்னால் பாதி முகம் நின்றது. அழிறப்பரை எடுத்து அழித்தாள். அழித்த இடம் இன்னும் முகமாகத் தெரிந்தது. ஆறு பீயை எடுத்து, முகம் மூடுபடுமட்டும், கூர் உடையுமட்டும் அமத்தி அமத்திக் கீறினாள். தாளின் பின்பக்கம் தடித்தது.

"அமத்தாதேங்கோ எண்டெல்லோ சொன்னனான்" என்று கம்சிகா வந்தாள். தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, உடைந்த பென்சிலை எடுத்துச் சீவினாள்.

அடுத்த நாள் லண்டனில் விடிகிற நேரம், நாரந்தனையில் உச்சி வெயில், அரியநாயகத்தார் அழைப்பு எடுத்தார். சிவரூபி முற்றத்தில் நின்று படத்தை இரண்டு கையாலும் பிடிக்க, கம்சிகா போனைக் காட்டினாள். "வீட்டை முழுசா போனுக்குள்ள அடக்க ஏலாதப்பா, அதான் பாத்துக் கீறினனான்" என்றாள் சிவரூபி.

கிழவர் படத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு, "தூண் ரெண்டும் இருக்கு" என்றார். "மாமரம் இவ்வளவு வளந்திட்டுதே. ஓடெல்லாம் ஒழுங்கா வைச்சிருக்கிறியள்." சிவரூபி பிழைத்தோம் என்று நினைத்தாள்.

"மூலையறைக்குள்ள என்ன பிள்ளை வெளிச்சம்?"

அவள் குனிந்து படத்தைப் பார்த்தாள். அவள் பக்கமிருந்து அது அட்டக்கரி. கம்சிகா போனின் மூலையில் தங்கள் பக்கம் தெரிந்த சின்னச் சதுரத்தைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். அமத்திய கரியில் வெயில் பட்டு அந்த ஒரு யன்னல் மட்டும் தகரம்போல் எரிந்தது. பென்சில் மினுங்குது அப்பா என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. உண்மையைச் சொல்லியே தப்பக்கூடிய ஒரே இடத்தில் சிவரூபி பொய்யைச் சொன்னாள். பழக்கதோசம்.

"விளக்கு அப்பா. விளக்குக் கொளுத்தி வைச்சிருக்கு."

கிழவர் திரைக்குக் கிட்ட வந்தார். புதுக் கண்.

"மரத்தின்ர நிழல் காலடியில கிடக்குது. உச்சி நேரம். பட்டப்பகலில மூலையறையில ஆருக்கு விளக்கு?"

"சாமிக்கு."

"சாமிப் படம் நடு அறையில. மூலையறையில நான் நெல்லெல்லோ அடுக்கினனான்." மூச்சு வாங்கினார். "பகலில விளக்கு வைக்கிறது செத்த இடத்திலதானே பிள்ளை. ஆர் அங்க செத்தது?"

சிவரூபி இன்னொரு பொய் தேடினாள், அகப்படவில்லை.

"நல்லம்மாவோ?"

"ஓம் அப்பா."

"நெருப்புக் காய்ச்சல் எண்டு கனகசபை சொன்னது?"

"பொய் அப்பா. ஷெல்."

கிழவர் முகத்தைத் திருப்பவில்லை. அழவும் இல்லை. "அதுக்குள்ள இருக்கச் சொன்னது நான்" என்றார்.

"நீங்கள் தெரிஞ்சோ சொன்னனீங்கள்?"

தூரத்தில் சசிகரன் ஏதோ கேட்பதும், கிழவர் கையசைத்து அவனைப் போகச் சொல்வதும் தெரிந்தது. பிறகு, "நீ விளக்கு வைக்கிறாய்தானே" என்றார். "இத்தனை வருசமும் அவவுக்கு விளக்கு எரிஞ்சிருக்கு. அது காணும் எனக்கு."

இதற்கும் ஓம் போட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவளால் ஏலவில்லை. "ஒருநாளும் வைக்கேல்லை அப்பா" என்றாள். "நான் அந்த அறைக்குள்ள போனதே இல்லை. பயம். வீட்டுக்குக் கூரையும் இல்லை."

"கூரை கிடக்கட்டும்" என்றார் அரியநாயகத்தார். "போ பிள்ளை. இப்ப போ. என்னையும் கொண்டு போ."

கம்சிகா மண் விளக்கும் எண்ணெயும் திரியும் எடுத்துவந்தாள். சிவரூபி ஒரு கையில் படமும் மறுகையில் போனுமாக, கதவில்லாத வாசலால் உள்ளே போனாள். மூலையறை வாசலில் கால் நின்றுவிட்டது. போனுக்குள் கிழவரின் மூச்சு கேட்டது. கடந்தாள்.

உள்ளே புல், ஆட்டுப் புழுக்கை, ஓர் எருக்கலை, மேலே வானம். அவ்வளவுதான். யன்னலடிக்குப் போனாள். கம்பி துருப்பிடித்தும் அப்படியே நின்றது. அங்கிருந்து வெளியே பார்த்தாள். முன்வீட்டு வளவு, தூர்ந்துபோன பங்கர்க் குழி, பக்கத்தில் நின்ற பனை, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தன. வெளியே நின்ற அவளுக்குத்தான் அன்றைக்குப் பாதி முகம். உள்ளே இருட்டுக்குள் நின்ற அம்மாவுக்கு வெயிலில் நின்ற பிள்ளை துலக்கமாகத் தெரிந்திருக்கும். பங்கருக்குள் இழுத்துப் போட்டதும் தெரிந்திருக்கும். பிள்ளை ஒளிந்துவிட்டாள் என்று கண்டுதான் செத்திருக்கிறாள். சிவரூபி கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கம்சிகா போனை வாங்கிக்கொண்டாள்.

அழுது முடித்து, புல்லைப் பிடுங்கி இடம் பண்ணி, விளக்கை வைத்துக் கொளுத்தினாள்.

"எரியுதோ?" என்றார் தகப்பன்.

"எரியுது அப்பா."

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

மேலேயிருந்து கொட்டிய வெயிலில் சுடர் இருப்பதே தெரியவில்லை. சிவரூபி குந்தியிருந்து, படத்தை விளக்குக்கு மேலே கூரை மாதிரிப் பிடித்தாள். தாளின் நிழல் நிலத்தில் விழுந்தது. நிழலுக்குள் ஒரு சின்ன மஞ்சள் நாக்கு எழும்பி ஆடியது.

"இப்ப தெரியுது" என்றார் அரியநாயகத்தார். பிறகு, "எடுத்திடாதே பிள்ளை. இன்னும் கொஞ்சநேரம் பிடி" என்றார்.

கை உளைந்தது. சிவரூபி தாளை எடுக்கவில்லை.