மாடிப்படிக்கடியில் நெருக்கடி நிலை

எங்கள் அடுக்குமாடிக்கு விதிமுறை எழுதும் வேலையைச் செயலாளரிடம் ஒப்படைத்தபோதே எனக்குச் சந்தேகம்தான். மனிதர் வக்கீல் ஆபீஸில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். சொந்தமாக ஒரு வரி எழுதிப் பழக்கமில்லை. நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாடு என்று வருமிடத்தில் கட்டடம் என்றும், குடியரசுத் தலைவர் என்று வருமிடத்தில் செயலாளர் என்றும் மாற்றி அப்படியே அடித்துவிட்டார். பதவிக்கால வரம்பு பற்றிய பக்கம் மட்டும் கைதவறி விட்டுப்போயிற்றாம். நம்புவோம்.

அத்தனை பெரிய காகிதக் கட்டை யார் படிப்பது? எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். பக்கத்துக் கட்டடத்தின் மீது போர் தொடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு என்பதும், முப்படைகளுக்கும் அவரே தலைவர் என்பதும் பிறகுதான் தெரிந்தது. முப்படை என்றால் வாட்ச்மேன். அவரும் மத்தியானம் தூங்குவார்.

சும்மா சொல்லக் கூடாது, நல்லதும் இருந்தது. பேச்சுரிமை இருந்தது, என் பங்கைத் தாராளமாகவே பயன்படுத்தினேன். பிழைப்பு நடத்தும் உரிமையும் இருந்தது. மூன்றாம் மாடித் தையல்காரம்மாவின் ஒற்றை அறையில் மெஷின் போட இடமில்லை. என் வாசலுக்கு எதிரே மாடிப்படிக்கடியில்தான் தைப்பாள். புது ஸ்கூட்டர் வாங்கிய செயலாளருக்கு அந்த நிழல் கண்ணை உறுத்தியது.

"இடத்தைக் காலி பண்ணும்மா."

"பிழைப்பைக் கெடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே டைப் அடிச்சுக் கொடுத்தீங்க?"

அதை அவள் காதில் போட்டு வைத்தது நான்தான். மனிதர் முகம் தொங்கிப்போயிற்று.

மறுநாள் லிப்ட் கதவில் அறிவிப்பு. தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதால் கட்டடத்தில் நெருக்கடி நிலை. உரிமைகள் அனைத்தும் நிறுத்திவைப்பு. ஞாயிற்றுக்கிழமைக்குள் மெஷின் அகல வேண்டும். தொட்டி பல வருஷமாக ஒழுகுகிறது. உரிமையைக் கொடுத்த அதே கட்டு, அதைச் சுருட்டிக்கொள்ளவும் வழி வைத்திருந்தது.

"இதை எங்கேக்கா தூக்கிட்டுப் போவேன்? மெஷின் நின்னா அடுப்பும் நின்னுடும்" என்றாள் தையல்காரம்மா, சக்கரத்திலிருந்து கையை எடுக்காமல்.

நான் நேரே மாடியேறிச் செயலாளரின் வீட்டுக்காரம்மாவிடம் விஷயத்தைக் கொட்டினேன். அந்த அம்மாவின் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஆறு ஜாக்கெட்டுகள் அந்த மெஷினில்தான் பாதியில் கிடந்தன. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிமுறைக் கட்டைப் பிரித்தார். சாயங்காலம் அவர்கள் வாசலில் என் செருப்பு வார் கழன்றது. சரிசெய்ய நேரமாகாதா? உள்ளே பேசுவது காதில் விழத்தானே செய்யும்.

"என்னங்க, நெருக்கடி நிலைக்கு அமைச்சரவை எழுத்துல சம்மதிக்கணும்னு போட்டிருக்கே. நம்ம அமைச்சரவை யாரு?"

"பொருளாளர்."

"பொருளாளர் யாரு?"

யாருமே ஏற்காத அந்தப் பதவிக்கு மனைவி பெயரையே போட்டு நிரப்பியவர் அவர்தான்.

"நீதான். அதெல்லாம் சும்மா ஒரு பேருக்குடி."

"நான் சம்மதிக்கலை. நோட்டீஸைக் கிழிங்க. இல்லேன்னா இன்னிக்குச் சோறு நீங்களே வடிச்சுக்குங்க."

"அது எந்தப் பிரிவுல இருக்கு?"

"எழுதாத சட்டம்."

இருட்டுவதற்குள் நோட்டீஸ் காணாமல் போயிற்று.

ஆனால் நெருக்கடிப் பிரிவு அப்படியேதான் இருக்கிறது. அதை நீக்க மூன்றில் இரண்டு பங்கு வீட்டார் கை தூக்க வேண்டும். பாதி வீடுகளில் பூட்டுத்தான் தொங்குகிறது. ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்க வந்த செயலாளர் வீட்டம்மாவிடம் தையல்காரம்மா மெதுவாகக் கேட்டாள்.

"நாளைக்கு வேற பொருளாளர் வந்து கையெழுத்துப் போட்டுட்டா என்னம்மா பண்றது?"

"எப்படி வருவாங்க? நான் இறங்கினாத்தானே? பதவிக்காலம்னு ஒரு பக்கமே அதுல இல்லையே! கை கொஞ்சம் பிடிக்குது, தளர்த்து."

வெயிலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த செயலாளர் இன்னும் அழுத்தித் துடைத்தார். அந்தப் பக்கத்தைக் கைதவறி விட்டவர் அவர்தானே!