மூன்றில் எது வேறு?

கீ... கீ... கீ... என்று சமையலறைக் கூரையில் புகை அலாரம் அலறியது. குளித்துக்கொண்டிருந்த கணவன் இடுப்பில் துண்டோடு ஓடிவந்தான். கரும்புகை கக்கும் டோஸ்டருக்கு ஒரு முழம் தள்ளி, அதற்கு முதுகைக் காட்டித் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்த மனைவி அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

அவன் சுவிட்சை அணைத்து ஜன்னலைத் திறந்தான். "இன்னும் வாசனை வரலையாம்மா?"

கத்தியைக் கீழே வைத்தாள். "இதுவே தெரியலன்னா நாளைக்கு என்னத்தைச் சொல்லப் போறேன்?"

பீர் தொழிற்சாலையில் அவளுக்கு 'மூக்கு மேடம்' என்று பெயர். பதினொரு வருடமாக அவள் முகர்ந்து, ருசித்து, தலையாட்டிய பிறகுதான் எந்தச் சரக்கும் வெளியே போகும். போன மாதம் வந்த காய்ச்சல் அந்த மூக்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது. நாளைக்குச் சோதனை. மூன்று கிளாஸ் வைப்பார்கள். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. அது எது என்று சொல்லாவிட்டால் லேபிள் ஒட்டும் பிரிவுக்கு மாற்றல்.

"இங்கேயே ஒத்திகை பாத்துடலாம்," என்றான் கணவன். லிஃப்ட் மெக்கானிக். எதையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால்தான் அவனுக்கு நிம்மதி.

மாலையில் இரண்டு கம்பெனிகளின் கறுப்பு லாகர் பீர் வாங்கிவந்தான். "ரெண்டும் டீசல் மாதிரி இருக்கே! இதைப் போய் ரசிச்சுக் குடிக்கிறாங்களா?"

"நிறத்தைப் பாத்து மிரளாதீங்க. அது வறுத்த பார்லியோட நிறம். நாக்குல லேசா இருக்கும். கசப்பு சும்மா எட்டிப் பாத்துட்டு ஓடிடும்."

துணியால் அவள் கண்ணைக் கட்டினான். ஊற்றும் சத்தம் கேட்டது. முதல் கிளாஸில் சில்லிப்பு மட்டும். இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவதை முகர்ந்தபோதும் ஒன்றும் வரவில்லை.

"மெதுவா பாரும்மா," என்றான் அவன்.

குளிர் வாசனையைப் பூட்டிவைக்கும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்வது அது. கிளாஸை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திக் காத்திருந்தாள். மறுபடி முகர்ந்தாள். நூலிழைபோல் ஏதோ வந்தது. வறுத்த தானியம். அதன் பின்னால் காப்பித் தூள். ஒரு மிடறு விழுங்கியதும், லேசாகக் கருகிய சர்க்கரை மூக்கின் உள்வழியாக ஏறிவந்தது.

மூச்சுவிடப் பயந்தாள், போய்விடுமோ என்று. மற்ற இரண்டையும் அதேபோல் பொத்திவைத்து முகர்ந்தாள். மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று வந்தாள்.

"எதும்மா வேற? மனசுல பட்டதைச் சொல்லு. தப்பா இருந்தா என்ன, குடியா முழுகிடும்?"

அவள் கண்கட்டை அவிழ்த்தாள். துணி நனைந்திருந்தது.

"ஏங்க, நான் எதைக் காட்டினாலும் சரின்னு சொல்லிடலாம்னு மூணுலயும் ஒரே பீரை ஊத்தியிருக்கீங்க... அதுவும் எலுமிச்சை சோப்பு வாசனை போகாத கிளாஸ்ல!"