பத்து ஞாயிற்றுக்கிழமைகள்

சச்சிதானந்தன் செத்துப் பதினெட்டாம் நாள் பிலேந்திரன் மாமா ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாப் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்கு வந்து, கல்வெட்டுக்கு எழுதித் தரும்படி கேட்டார். கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவதில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுத்துவிடுகிற சின்னப் புத்தகம். முன்னால் தேவாரம், நடுவில் செத்தவரின் வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி நவிலல். ஒஸ்லோவில் அச்சடித்த கல்வெட்டுகளை வாசித்தால் இந்த ஊரில் ஒரு கெட்ட தமிழனும் செத்ததில்லை என்றுதான் நினைக்கவேண்டி வரும். எல்லாரும் பண்பாளர்கள். எல்லாரும் இன்முகத்தோடு பழகியவர்கள்.

"பிள்ளை வரலாறு படிக்கிறவ. அவவே எழுதட்டும்," என்றார் மாமா. அவரும் சச்சிதானந்தனும் எண்பத்தெட்டாம் ஆண்டில் நோர்வேயின் வடக்கு முனையில், ஒரே தொழிற்சாலையில் ஒரே மேசையில் நின்று மீன் வெட்டியவர்கள். "ரெண்டு பக்கம் போதும். வாற ஞாயிறுக்கிடையிலை தந்தால் காணும்."

சச்சிதானந்தனின் மகள் யதுர்ஷா தலையாட்டினாள்.

மாமா போனதும் அம்மா உதயகுமாரி தேத்தண்ணிக் கோப்பைகளைக்கூட எடுக்காமல் வந்து மகளுக்கு முன்னால் இருந்தாள்.

"உனக்கென்ன கஷ்டம்? அப்பா எல்லாம் உனக்குச் சொன்னவர்தானே. ரெக்கோட் பண்ணி வைச்சிருக்கிறாய். முதல் அதைப் போடு. நானும் கேக்கோணும்."

பதினெட்டு நாளாக யதுர்ஷா பயந்துகொண்டிருந்தது இந்தப் பேச்சுக்குத்தான்.

போன இலையுதிர்காலம் அவள் பரிமாற்ற மாணவியாகப் பின்லாந்தின் துர்க்கு நகரத்துக்குப் போயிருந்தாள். அங்கே எடுத்த பாடங்களில் ஒன்று வாய்மொழி வரலாறு. பிழைப்புக்காக வடக்கே போய் உழைத்த ஒருவரைப் பிடித்து, அவர் வாயாலேயே அந்தக் காலத்தைச் சொல்லவைத்துப் பதிவுசெய்ய வேண்டும். கூடப் படித்த பின்லாந்துப் பிள்ளைகளுக்கு மரம் வெட்டிய கிழவர்கள் கிடைத்தார்கள். அவளுக்குக் கிடைத்தது அப்பா.

அப்பாவோ வாயில் கொழுக்கட்டை வைத்திருக்கிற ஆள். இருபத்தாறு வருடம் ஒஸ்லோவில் பேருந்து ஓட்டியவர். இன்றைக்கு வேலை எப்படி என்று கேட்டால் "இருந்தது" என்பார். மீன் தொழிற்சாலையைப் பற்றி வீட்டில் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் பல்கலைக்கழகத்து முத்திரை போட்ட கடிதம் வந்ததும் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "படிப்புக்கெண்டால் சொல்லத்தானே வேணும்," என்றார்.

பத்து ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு, அவர் முகம் வழித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, போனோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். போனில் சட்டை ஆருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் பல்கலைக்கழகத்து விஷயம் அல்லவா. குசினியில் நின்ற உதயகுமாரிக்கு முணுமுணுப்பு மட்டும் கேட்கும். வெளியே வந்தவரிடம் என்ன கதைத்தீர்கள் என்று கேட்டால், "அது பிள்ளையின்ரை படிப்பு," என்று சொல்லித் தேத்தண்ணி கேட்பார்.

பாடத்துக்கு ஒரு விதி இருந்தது. புள்ளி வந்தபின் ஒலிப்பதிவை அழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் தலையை ஆட்டிவிட்டுப் போனில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டார்கள். யதுர்ஷா அப்படியல்ல. வாகனமே இல்லாத தெருவிலும் சமிக்ஞை விளக்கில் பச்சை மனிதன் எரியும்வரை நிற்கிற பிள்ளை அவள். டிசம்பரில் புள்ளி வந்த மறுநாளே மடிக்கணினியில், போனில், அவற்றின் குப்பைத்தொட்டிகளில் எல்லாம் துடைத்து அழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பெப்ரவரியில், ட்வெய்ட்டா ரயில் நிலையத்து வாங்கில் குந்தியிருந்த அப்பா பிறகு எழும்பவேயில்லை.

அவர் குரல் வேறெங்கும் இல்லை. பிறந்தநாள், சாமத்தியவீடு என்று எல்லா வீடியோக்களிலும் கமராவைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றவர் அவர்தான்.

யதுர்ஷா சொன்னாள். அம்மா ஏசுவாள் என்று எதிர்பார்த்தாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எல்லாத்தையுமோ?"

"ஓம்."

"ஏன் பிள்ளை?"

"அது ரெகல் அம்மா, பாடத்தின்ரை விதி. வைச்சிருக்கக்கூடாது."

"அவரின்ரை குரலை நாங்கள் வைச்சிருக்க ஆர் ரெகல் போட்டது?" அம்மா மெதுவாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மேசை விரிப்பைத் தடவினாள். "எழுதினதெண்டாலும் இருக்கோ?"

எழுதியது இருந்தது. நாற்பத்தொரு பக்கம், ஆங்கிலத்தில். பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது, அதனால் கேட்கக் கேட்கவே மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்திருந்தாள். "அதை வாசி," என்றாள் அம்மா. யதுர்ஷா ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். செத்துப்போன அப்பா அந்தத் தமிழில் வேறு ஆரோவின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"அங்கே குளிர் மிகவும் கடுமையாக இருந்தது..."

"அவர் அப்பிடிச் சொல்லமாட்டார். 'குளிரெண்டால் அப்பிடியொரு குளிர்' எண்டுதான் சொல்லியிருப்பார்."

"ஓம். அப்பிடித்தான் சொன்னவர்."

வேலை முடிந்து வரும்போது விரல் விறைத்துச் சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியாதாம். பிலேந்திரனுக்கு அவர் பூட்டிவிட, அவருக்குப் பிலேந்திரன் பூட்டிவிடுவாராம், ஒரு பொத்தானுக்கு ஐந்து நிமிடம். அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். இந்த மனிதரோடு குடித்தனம் நடத்தி, அவர் கை விறைத்த கதையை மகளின் பாடத்தில் கேட்கவேண்டி வந்ததே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

முப்பத்துமூன்றாம் பக்கத்தில் யதுர்ஷா ஒரு வரியைத் தாண்டிப் போனாள். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்துத் தொடர்ந்துகொண்டிருந்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவளுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் பிடிபடும்.

"இஞ்சை ஒண்டை விட்டுட்டாய். வைஃப் எண்டு கிடக்கு."

யதுர்ஷா அந்த வரியை வாசித்தாள். அடைப்புக்குறிக்குள் இருந்தது. மனைவியைப் பற்றிப் பேசுகிறார். ஆய்வுக்குத் தொடர்பில்லாதது. ஆறு நிமிடம்.

அம்மாவின் விரல் அசையவில்லை.

"ஆறு நிமிசமோ?"

"ஓம்."

"இருபத்தெட்டு வருசத்திலை அந்த மனிசன் என்னோடை ஒரேயடியா ஆறு நிமிசம் கதைச்சதில்லை." அவள் முகத்தில் ஒரு வெட்கம் வந்து நின்றது, கல்யாணமான புதிதில் வருகிற வெட்கம். அதைப் பார்க்க மகளால் முடியவில்லை. "என்ன சொன்னவர்?"

ஏதாவது கதை கட்டிச் சொல்லியிருக்கலாம். இரண்டு வசனம் போதும். மிச்சக் காலத்துக்கு அம்மா அதை வைத்துச் சீவிப்பாள். வசனங்கள்கூட நாக்கு நுனிவரை வந்துவிட்டன. ஆனால் அம்மா இவ்வளவு நேரமும் ஒவ்வொரு சொல்லையும் பிடித்துப் பிடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறாள். பொய்ச்சொல் என்றால் உடனே தெரிந்துவிடும்.

"ஞாபகமில்லை அம்மா."

"பறவாயில்லை. கனநாளாப் போச்சு." அம்மா தலையைத் தலையை ஆட்டினாள். பிறகு கேட்டாள், "அவர் சொல்லேக்கை நீ கேட்டுக்கொண்டுதானே இருந்தனி?"

அந்த ஞாயிற்றுக்கிழமை விடுதிக் குசினியில் பாஸ்தாத் தண்ணீர் பொங்கி வழிந்தது. "கதையுங்கோ அப்பா, பதிவாகுது," என்று சொல்லிவிட்டு, போனை மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்தபடி அவள் அறையை விட்டு ஓடினாள். அடுப்பைத் துடைத்து, நின்றபடியே சாப்பிட்டு, பக்கத்து அறைக்காரியோடு நாலு கதை கதைத்துவிட்டுத் திரும்பியபோது, அப்பா "கேக்குதோ பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஓம் அப்பா, கேக்குது," என்றாள். "அப்ப அடுத்த கேள்வியைக் கேள்," என்றார் அவர். பிறகு எழுத இருந்தபோது கையளிக்க ஒரு நாள்தான் மிச்சம். அந்த இடத்தை இரட்டை வேகத்தில் ஓடவிட்டாள். குருவிக் குரலில் உன்ரை அம்மா, உன்ரை அம்மா என்று இரண்டு மூன்று தரம் வந்தது. அடைப்புக்குறி போட்டு மூடினாள். இஸ்திரி போட்ட சட்டையோடு கதவைச் சாத்திவிட்டு அவர் சொன்ன அந்த ஆறு நிமிடத்தை இந்த உலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

"ஓம் அம்மா," என்றாள் யதுர்ஷா. "கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்."

அம்மா அதை நம்பினாள்.

"அப்ப காணும்," என்றாள். "மிச்சத்தை வாசி."