அடுத்து யார்

நான் எழுத்துக் கூட்டப் பழகியதே தலை நரைத்த பிறகுதான். கிடங்கில் மூட்டை சுமந்துவிட்டு வந்து ஒரு வரி படித்தால் அதற்கும் மூச்சு வாங்கும்.

லாரி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பது மேஸ்திரியின் இஷ்டம். அதை ஒழிக்கத்தான் என் மச்சினன் கைபேசிக்கு ஒரு செயலி எழுதினான். ஆட்கள் வந்த வரிசைப்படி பெயர் காட்டும். இலவசம். உள்ளே எழுதியிருப்பதை யாரும் திறந்து பார்க்கலாம், எடுத்து மாற்றியும் கொள்ளலாம். அதற்கு ‘நீலவால்’ என்று பெயர் வைக்கப் போனான்.

“யாரோட வால் மாப்ளே அது? என்ன செய்யுதோ அதையே பேரா வையி. அப்பதான் எங்காளுங்க தொடுவாங்க.”

‘அடுத்து யார்’ என்று வைத்தான். பெயரைப் பார்த்துத் தொடுங்கள் என்று ஒவ்வொருவனிடமும் நானே சொல்லிக் கொடுத்தேன்.

போன வாரம் மேஸ்திரி, “அந்தச் செயலியில புதுசு வந்திருக்கு, போன்ல இறக்கிக்கோங்க” என்றார். அதே பெயர். இறக்கிக்கொண்டோம். மறுநாள் முதல் ஆளாய்ப் போய் நின்ற என் பெயர் கடைசியில் கிடந்தது. மேஸ்திரியின் கையாட்கள் எல்லாம் மேலே.

“உன் மச்சினன் சரக்குதானேண்ணே? நல்லா வேலை செய்யுது!” என்றான் என்னோடு மூட்டை தூக்கும் நெட்டையன்.

நேரே மச்சினன் வீட்டுக்குப் போனேன். கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான்.

“அது இப்ப என்னுது இல்ல மாமா. என்னுது நீலவால். கூட எழுதுறவங்க பழைய பேரைக் கேட்டுச் சிரிச்சாங்க, மாத்திட்டேன். சும்மா கிடந்த ‘அடுத்து யார்’ங்கிற பேரை மேஸ்திரி கேட்டாரு, குடுத்துட்டேன். நான் எழுதினதையே ஒரு நகலெடுத்து, ஆள் வச்சு மாத்தி, அந்தப் பேருல விட்டிருப்பாரு.”

“அவரு கேட்டா குடுத்துடுவியா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?”

“என்னத்த ஒளிச்சேன்? அவரு மாத்துனதுகூட உள்ள போய்ப் பாத்தா தெரியும்.”

“உள்ள இருக்கிறது எங்களுக்குப் படிக்கத் தெரியாதுடா. தெரிஞ்சது பேரு ஒண்ணுதான். அதைத் தூக்கி அந்த ஆளுகிட்டயே குடுத்துட்டியே!”

“சாப்பிட்டுப் போங்க மாமா” என்றான். பெண்டாட்டியின் தம்பி, அதனால் திட்டாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலை கிடங்கு வாசலில் நின்று ஆளாளுக்குச் சொன்னேன், “அதை அழிச்சிடுங்கப்பா.”

நெட்டையன் கைபேசியை முகத்தருகே பிடித்து, ஒவ்வோர் எழுத்தாய்ப் படித்தான்.

“பேரு சரியாத்தானே இருக்கு? பேரைப் பாத்துத் தொடுன்னு நீதானேண்ணே சொன்னே?”

உள்ளேயிருந்து மேஸ்திரி முதல் பெயரைக் கூப்பிட்டார். அது என்னுடையதும் இல்லை, அவனுடையதும் இல்லை.