சிவந்தது தகடா, இழையா

1

ரேடியோக் கடையில் வால்வை மாட்டிக்கொண்டே ஒருத்தன் சொன்ன வார்த்தையில் பிறந்தது இந்தக் கதை: “கால் பொருந்துதே, அப்புறம் என்ன?” கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபத்தில் எழுதினால் கோணலாகத்தான் வரும். வரட்டும்.

‘ஆம்ப்ளிஃபயர் வெடித்துச் சிதறியபோது மாமனார்…’

(அடித்துவிட்டேன். அது அப்படியெல்லாம் வெடிக்காது. சினிமாவில் வெடிக்கும்.)

2

ஜன்னல் இல்லாத பட்டறை. மேசைமேல், கண்ணாடிக் குழாய் மாதிரி வால்வுகள் செருகிய பழைய ஆம்ப்ளிஃபயர் பாடிக்கொண்டிருக்கிறது. சின்ன வால்வுகளைக் கழற்றிவிட்டு அதில் பெரிய வால்வுகளை மாட்டியிருக்கிறார் மருமகன். எதிரே ஸ்டூலில் மாமனார். ரிப்பேர்க்காரர், யாரையும் நம்பாத மனுஷன்.

“வால்வோட கம்பிக் கால் எல்லாம் அச்சாப் பொருந்திடுச்சு மாமா.”

“பக்கத்து வீட்டுக்காரன் செருப்புகூடத்தான் எனக்குப் பொருந்துது. பயாஸ் மாத்தி வச்சீங்களா?”

“வச்சாச்சு. பூட்டின பூட்டையே திரும்பத் திரும்ப இழுத்துப் பாக்கற ஆளு நீங்க. உங்ககிட்ட அதச் செய்யாம வருவேனா?”

(பயாஸ் என்பது வால்வுக்குள் ஓடும் கரண்டுக்குக் கடிவாளம். பெரிய வால்வுக்கு வேறு பிடி பிடிக்க வேண்டும். அதுபோக, பெரிய வால்வுக்குள் இருக்கும் இழை சூடாக அதிகக் கரண்ட் இழுக்கும். அதை ஆம்ப்ளிஃபயரின் பழைய டிரான்ஸ்பார்மர் தாங்குமா? மருமகன் இதைப் பற்றிப் பேசவில்லை. மாமனார் கேட்கவும் இல்லை. ஏன் என்று கீழே.)

3

போன முறை மருமகன் பற்றவைத்த ஒயர்களையெல்லாம் அவர் கண்ணெதிரிலேயே பிடுங்கிவிட்டு மறுபடி பற்றவைத்தார் மாமனார். பிடுங்கியதில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு மகள் சொன்னாள்:

“இன்னொரு தடவ அவர் வேலைய நோண்டினீங்கன்னா நாங்க தனியாப் போயிடுவோம்பா.”

சும்மா சொல்கிறவள் இல்லை. அப்பன் பிடிவாதம் அப்படியே இருக்கிறது.

(மருமகனையும் வால்வையும் ஒப்பிட்டு இங்கே ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். நீங்களும் போட்டுக்கொள்ளாதீர்கள். மனுஷன் வேறு, கண்ணாடிக் குழாய் வேறு.)

4

ஓரத்து வால்வில் ஒரு சிவப்பு.

உள்ளே இழை சிவப்பது வழக்கம். சுற்றியுள்ள தகடு சிவந்தால் வால்வு போச்சு. டிரான்ஸ்பார்மரும் கூடவே போகலாம். அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை.

சிவந்தது தகடா, இழையா? இந்த டியூப்லைட் வெளிச்சத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அறையை இருட்டாக்கினால் தெரிந்துவிடும். மாமனார் சோதிக்கிறார் என்பதும் மருமகனுக்குத் தெரிந்துவிடும்.

டிரான்ஸ்பார்மர்மேல் கை வைக்கிறார். சூடு. எப்போதும் சூடுதான். இவ்வளவா?

“என்ன மாமா, தொட்டுப் பாக்கறீங்க?”

“தூசி.”

வாசலில் மகள் வந்து நிற்கிறாள்.

“என்னப்பா தூசி?”

5

ஒரு முடிவு: மாமனார் அணைக்கிறார். சிவந்தது தகடுதான். மருமகன் தலைகுனிந்து… (இது மாமனாருக்கு நான் கொடுக்கும் லஞ்சம். கிழித்தேன்.)

இன்னொன்று: அணைக்கிறார், ஆனால் சிவந்தது வெறும் இழை. மகள் பெட்டி கட்டுகிறாள். (பிடிக்கவில்லை. பிடிக்காததாலேயே உண்மையாக இருக்குமோ என்று உதறுகிறது.)

‘மாப்பிள்ளை, லைட்ட நிறுத்துங்க, சேந்து பாப்போம்’ என்று அவரைச் சொல்லவைக்கலாம். எத்தனை தடவை எழுதினாலும் அந்த ஆளின் வாய் திறக்க மாட்டேன் என்கிறது.

எழுந்துவிட்டார். சுவரில் பக்கம் பக்கமாக இரண்டு சுவிட்ச்: ஒன்று லைட்டுக்கு, ஒன்று ஆம்ப்ளிஃபயருக்கு. கை மேலே போகிறது. மூன்று பேர் அந்தக் கையையே பார்க்கிறீர்கள்: மருமகன், மகள், நீங்கள்.

அவர் எதை அமுக்கட்டும்? யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.