இதுவும் தரைதான்

யுத்தம் முடிந்த வருஷம், எழுமலைக்குக் கிழக்கே கடலை பிடுங்கிய காட்டில் டூரிங் கொட்டகை போட்டார்கள். தெற்குத் தெருப் பாண்டியம்மாள் அதுவரை சினிமாவே பார்த்ததில்லை. புருஷன் கண்ணுச்சாமியை நச்சரித்து ஒரு சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனாள்.

தரை டிக்கெட் வாங்கினால் திரையை ஒட்டி மணலில் உட்கார வேண்டும். அதற்குப் பின்னால் பெஞ்சுகள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் ஒரு தட்டி. பாண்டியம்மாள் அண்ணாந்து பார்த்தாள். வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு முகம் வந்தது. எது கண், எது மூக்கு என்று பிடிபடவில்லை. கழுத்து கடுத்தது, கண்ணில் நீர் வழிந்தது. எழுந்து வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பெஞ்சுகளுக்குப் பின்னாலிருந்து பார்த்தால் படம் முழுசாக இருந்தது. திரையில் அழுகிற பெண்ணின் கன்னத்தில் கண்ணீர் இறங்குவதுகூடத் தெரிந்தது.

மறுவாரம் அவளே போய் பெஞ்சு டிக்கெட் கேட்டாள். டிக்கெட் கொடுக்கும் மலையாண்டி அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஒங்க தெருவுக்குத் தரை மட்டுந்தான்."

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? வேணும்னா வாங்கு, இல்லாட்டி நகரு."

வாங்கினாள். உள்ளே போய், பெஞ்சுகளுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த மணலில், கொட்டகைக் கம்பத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

கடைசி பெஞ்சில் சீனியம்மாள் இருந்தாள். பாண்டியம்மாள் வேலைக்குப் போகிற காடு சீனியம்மாள் வீட்டுடையது.

"ஏண்டி, இங்க என்ன பண்ற? முன்னால போ."

"முன்னால இருந்தா ஒண்ணும் தெரியல ஆத்தா. இங்கதான் நல்லாத் தெரியுது."

"எங்களுக்குச் சமமா உக்காரப் பாக்குறியா?"

"நீங்க பெஞ்சுல இருக்கீக. நான் கீழதான இருக்கேன்."

சீனியம்மாள் போட்ட சத்தத்தில் மலையாண்டி ஓடி வந்தான். படம் நின்றது. பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிப் பிடித்தார்கள். கொட்டகை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பாண்டியம்மாள் எழுந்திருக்கவில்லை. டிக்கெட்டை நீட்டினாள்.

"தரை டிக்கெட்டுன்னு நீதான குடுத்த? இதுவும் தரைதான்."

"எந்திரிக்கிறியா, தூக்கி வெளிய போடவா?"

"தூக்குண்ணே. தொடாமத் தூக்க முடியாது. இம்புட்டுப் பேரு பாக்குறாக, தொட்டுத் தூக்கு."

மலையாண்டியின் நீட்டிய கை அப்படியே நின்றது. சீனியம்மாளைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குள் முன்வரிசையிலிருந்து தங்கப்பொண்ணு எழுந்து வந்தாள். பாண்டியம்மாளின் அண்ணன் மனைவி அவள். பாண்டியம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மாயக்காள் வந்தாள். தெற்குத் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார, திரைக்கு முன்னால் மணல் காலியானது. தட்டிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் விசிலடித்தார்கள். "படத்தப் போடுய்யா!" என்று கத்தினார்கள். மலையாண்டி விளக்கை அணைக்கச் சொன்னான். சீனியம்மாள் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் காட்டு வேலைக்கு வரவேண்டாமென்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். கண்ணுச்சாமி தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"படம் பாக்காட்டி செத்தா போவ? எதுக்குடி இந்த வம்பு?"

"காசு குடுத்துட்டு ஒண்ணும் தெரியாம உக்காந்து வர நான் என்ன குருடியா?"

அன்றிலிருந்து உசிலம்பட்டி ரோட்டில் கல்லுடைக்கப் போனாள். உள்ளங்கை கொப்புளித்தது. அடுத்த சினிமாவுக்குப் போனபோது பெஞ்சுக்குப் பின்னால் கயிறு கட்டியிருந்தார்கள். அவள் உள்ளே நுழையாமலே திரும்பினாள். அவளோடு வந்த தெருவும் திரும்பியது. அடுத்த நாளும் யாரும் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. தரை டிக்கெட் விற்காமல் கொட்டகை ஓடாது. கயிற்றை மலையாண்டியே அவிழ்த்தான்.

மாசி பிறந்து பருத்தி வெடித்துக் கிடந்தது. எடுக்க ஆள் போதவில்லை. சீனியம்மாளே தெருமுனை வரை வந்து நின்றாள்.

"நாளைக்கு வந்துருடி. பழச நெனைக்காத."

பாண்டியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"வாரேன் ஆத்தா. ஆனாப் பொழுது சாய முன்ன விட்டுரணும். கொட்டகையில புதுப்படம் மாத்திருக்காக."