மதுரையில் தங்கிவிட்ட வலது பாதி

கொரோனா வந்த முதல் வருஷம், ஆகஸ்டில், பந்தல்குடி பரோட்டா மாஸ்டர் செல்லப்பாண்டியின் இடது பாதியை மட்டும் ஆஸ்பத்திரி வண்டியில் கொண்டுவந்து வீட்டில் இறக்கினார்கள். வலது பாதி மதுரையில் இருந்தது. மூக்கில் சளி எடுத்துப் பார்த்ததில் இடது துவாரம் நெகட்டிவ், வலது துவாரம் பாசிட்டிவ், ஆகவே இடது மட்டும் அனுப்பப்படுகிறது என்று சீட்டில் எழுதியிருந்தது. மனைவி முத்துலட்சுமி அதை இரண்டு தடவை படித்தாள். வந்தவரைக்கும் போதும் என்று கையெழுத்துப் போட்டாள்.

உயிர் மிஞ்சியதே பெரிய காரியம். பத்து நாளைக்கு முன்னால், பார்சலுக்குப் பரோட்டா வீசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு வாய் கோணி, வலது கையிலிருந்து மாவு நழுவியது. ஆம்புலன்ஸ்கள் எல்லாம் காய்ச்சல்காரர்களை ஏற்றிக்கொண்டு அலைந்தன. தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடோடு வந்த லாரிக்காரர் இலியாஸ்தான், "மூட்ட மேல படுக்க வைங்கக்கா, செக்போஸ்ட்ட நான் பாத்துக்கிறேன்" என்று அருப்புக்கோட்டையைத் தாண்டி மதுரை ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். நாலரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டீர்கள் என்று டாக்டர் சந்தோஷப்பட்டு, ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசியைப் போட்டார்.

வீட்டுக்கு வந்த பாதி நன்றாகச் சாப்பிட்டது, நன்றாகத் தூங்கியது. பேச்சுதான் பாதியாக இருந்தது. "முத்து" என்று கூப்பிடுவார்; அதே நேரத்தில் மதுரை வார்டில் "லட்சுமி" என்று ஒரு குரல் கேட்பதாகப் போனில் சொன்னார்கள். பாதி நோயாளி வீடு என்பதால் சுகாதாரத்துறை வாசலில் பாதிக்குத்தான் தகரம் அடித்தது. மீதிப் பாதி வழியாக ஆடுகள் வந்து போயின. மாவு வீச வலது கை வேண்டும். ஆனால் முத்துலட்சுமிக்கு அந்தக் கவலை இரண்டாவதுதான். இருபத்திரண்டு வருஷம் முழுசாகக் கூப்பிட்ட பெயர் இனிப் பாதியோடு நின்றுவிடுமோ என்பதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

ஒரு நாள் மதுரையிலிருந்து உடற்பயிற்சி கொடுக்கிற நாகஜோதி பேசினாள்.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரரு வலது வெரலு லேசா அசையுது. ஆனா மெத்தையவே பெசஞ்சுக்கிட்டுக் கெடக்கு. மூணு ஒற கிழிஞ்சு போச்சு."

"மெத்தையக் குடுத்தா வேற என்ன செய்யும்? மாவக் குடுங்க தாயி!"

அன்றுமுதல் தினமும் ஒரு தூக்குவாளி மைதா மாவு, எண்ணெய் தடவி, இலியாஸ் லாரியில் மதுரைக்குப் போனது. முதல் நாள் கை மாவைத் தொடவில்லை. நாலாம் நாள் அமுக்கியது. பன்னிரண்டாம் நாள் உருண்டை பிடித்தது. தாளம் தப்பிவிடக் கூடாதென்று, வீடியோ காலில் பார்த்துப் பார்த்து இடது கை இங்கே வெறுங்காற்றில் வீசியது. பதினெட்டாம் நாள் வலது கை ஒரு வீச்சு வீசியதில், மோப்பம் போயிருந்த வார்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் பரோட்டா வாசம் தெரிந்தது. சால்னா எங்கே என்று கேட்டார்கள்.

வலது துவாரமும் நெகட்டிவ் ஆனது. மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் விட்ட முதல் நாளே, மாஸ்க்கை ஒற்றைக் காதில் மாட்டிக்கொண்டு வலது பாதி பஸ் ஏறியது. கண்டக்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு அரை டிக்கெட் கிழித்தார்.

வாசலில் முத்துலட்சுமி மறித்தாள். "அங்கனயே நில்லுங்க. சோப்புப் போட்டுக் கைய கழுவிட்டு உள்ள வாங்க."

கழுவிவிட்டு நொண்டி நொண்டிப் போய்க் கட்டிலில் இடது பாதியின் பக்கத்தில் படுத்தது. அவள் காப்பி ஆற்றிக்கொண்டு வருவதற்குள் ஒட்டியிருந்தது. வலது தோள் ஒரு விரல்கடை உயரம், அவ்வளவுதான்.

"முத்துலட்சுமி" என்றார் செல்லப்பாண்டி.

"இங்கனதான நிக்கிறேன், எதுக்கு இந்தக் கத்துக் கத்துறீக?" என்று அவள் முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு தகரத்தைப் பிடுங்கப் போனாள்.

கடை தை மாதம் திறந்தது. அவருடைய இடது கை வீசுவது பந்தல்குடிப் பக்குவத்தில் மெத்தென்று இருக்கும். வலது கை வீசுவது மதுரை முறுகல். எந்தக் கைப் பரோட்டா என்று கேட்டுத்தான் இலை போடுகிறார்கள்.